காகிதம் இல்லாத வடிகட்டி

ஜாசின் பட்டணத்து மோட்டார் உதிரிபாகக் கடையில் போய் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் ஃபில்டர் கேட்டால், கடைக்காரத் தவுக்கே அலமாரிப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். அந்த மோட்டாருக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. கல்லாவுக்கு முன்னால் நின்ற ஒரு பாலிடெக்னிக் மாணவர் இதை நம்பாமல் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் பழைய வண்டி. முதல்முறையாகத் தானே எண்ணெய் மாற்றப் போகிறார். கடைசியில் தவுக்கே, ஆலயத்துக்குப் பின்புறம் இருக்கும் ஒரு பட்டறையைக் கை காட்டி அங்கே போகச் சொன்னார். நானும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

ஹோண்டா கப் வம்சத்தில் வந்த சி70, இஎக்ஸ்5 போன்ற வண்டிகளுக்கு வடிகட்டி உண்டு. அது எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது, கடையில் கிடைப்பதில்லை. கிளட்ச்சோடு சேர்ந்து சுழலும் ஒரு கிண்ணமும் எஞ்சினின் அடியில் செருகியிருக்கும் ஒரு கம்பி வலையும்தான் அது. கிண்ணம் வேகமாகச் சுழலும்போது எண்ணெயில் இருக்கும் கனமான துகள்கள் விளிம்புக்கு வீசப்பட்டு அங்கேயே அப்பிக்கொள்ளும். எண்ணெயை மட்டும் மாற்றினால் அந்தக் கசடு போகாது. யாராவது திறந்து கழுவ வேண்டும். ஜாசின் வட்டாரத்தில் அதை இன்னும் பொறுமையாகச் செய்துவரும் கைகளைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன்.

மலாக்கா மாநிலத்தின் மூன்று மாவட்டங்களில் ஒன்று ஜாசின். ரப்பர் தோட்டக்காரரான டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை நட்டுப் பார்த்துவிட்டு, அடுத்துப் பெரிய அளவில் நட்டது இந்த மாவட்டத்து ஆசஹானில்தான். பால்மரக் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறிவிட்டன. டைமண்ட் ஜுபிலி, புக்கிட் ஆசஹான் என்று தோட்டப் பெயர்கள் மட்டும் நிற்கின்றன, தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலும் சேர்த்து. தோட்டத்தில் சைக்கிள் போய் மோட்டார் வந்த கதைக்கு ஒரு பினாங்குக்காரரின் பெயர் உண்டு: லோ பூன் சியூ. 1958-இல் ஜப்பானில் ஹோண்டாவின் சூப்பர் கப் விற்பனைக்கு வந்தது. அதே காலக்கட்டத்தில் அவர் ஹோண்டாவை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். 1996-இல் கெடா, குருனில் மொடெனாஸ் ஆலை கிரிஸ் வண்டியை உருவாக்கியது. ஹோண்டா, மொடெனாஸ், யமஹா என்ற மூன்று பெயர்களுக்குள்தான் தோட்டப்புறத்துக் காப்சாய்களில், அதாவது சிறு மோட்டார் சைக்கிள்களில், பெரும்பாலானவை அடங்கும்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயது நெருங்கும். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் ஒரு சீனரின் பட்டறையில் எண்ணெய்த் துணி துவைக்கும் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். பெயர் போட வேண்டாம் என்றார். நான் போயிருந்தபோது அவர் முன்னால் ஓர் இஎக்ஸ்5 நின்றிருந்தது. சக்கரக் கம்பிகளிலும் செயின் மூடியிலும் செம்மண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பின்னால் இரண்டு பக்கமும் இரும்புக் கூடை. செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கிப் போடுவதற்கு.

“மீட்டரைப் பாருங்க தம்பி” என்றார். வேகமானியின் கம்பி அறுந்து எந்தக் காலமோ. “கையேட்டுல கிலோமீட்டர் கணக்கு போட்டிருக்கான். இங்க வர்ற வண்டியில பாதிக்கு மீட்டர் ஓடாது. நான் சம்பளத்தை வச்சுத்தான் கணக்கு பாப்பேன். சம்பளம் போட்ட வாரம் எண்ணெய் மாத்தணும். தீபாவளிக்கு ஒரு தடவை உள்ள கழுவணும்.”

முதலில் எனக்கு இது நாட்டு வைத்தியக் கணக்காகப் பட்டது. அவர் வண்டியின் ஒரு நாளை விவரித்தபோதுதான் அதன் நியாயம் புரிந்தது. விடியற்காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் மேடு பள்ளம் ஏறும். ஒரு நிரையில் நின்று, அடுத்த நிரைக்கு நகர்ந்து, மறுபடி நிற்கும். எஞ்சின் ஒருபோதும் முழுச் சூட்டுக்கு வந்து ஓடுவதில்லை. உள்ளே ஈரம் தங்கி எண்ணெயோடு கலக்கிறது. மூடியைத் திறந்தால் பால் கலந்த தேத்தண்ணீர் நிறத்தில் நுரை ஒட்டியிருக்கும். தூரக் கணக்கில் அந்த வண்டி ஓடியது சொற்பம், உழைத்தது அதிகம். உள்ளே கழுவுவதற்கு ஹோண்டா கப் கையேடுகள் சொல்லும் 12,000 கிலோமீட்டர் என்பது தார்ச்சாலைக்காரர்களின் கணக்கு.

அன்று அந்த வண்டியின் உள்ளே கழுவும் முறை. எக்ஸாஸ்ட் குழாயைத் தளர்த்தி, கால் வைக்கும் கம்பியைக் கழற்றி, கிக்கரை உருவி, வலப்பக்க மூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்பது குழம்பாமல் இருக்க, ஓர் அட்டையில் மூடியின் உருவத்தை வரைந்து அதே இடங்களில் குத்திவைக்கிறார். நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கி அலுமினியத்தை உடைத்தவர்கள் அவரிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்களாம். மூடியைத் திறந்ததும் கிண்ணத்தின் முகத்தில் ஸ்க்ரூக்கள். அங்கே அவசரம் கூடாது. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திருகினால் தலை வழுக்கி மொட்டையாகிவிடும். சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் ஒரு கனத்த டிரைவரை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி.

கிண்ணத்தின் உட்சுவரில் சாம்பல் நிறத்தில், குளத்து வண்டல்போல் ஒரு படலம் கெட்டியாகப் படிந்திருந்தது. அவர் அதை மரக்குச்சியால் சுரண்டி ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தார். அதைக் கழுவி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். காந்தத்தை அருகில் கொண்டுபோனார். சில துகள்கள் எழுந்து ஒட்டின. அது இரும்பு, கியர்ப் பல்லின் தேய்மானம். காந்தத்துக்கு வராமல் வெளிச்சத்தில் மின்னியது அலுமினியம். கறுப்பு நார்போல் இருந்தது கிளட்ச் தகட்டின் தேய்மானம். “இரும்பு கொஞ்சம்தான். நார் ஜாஸ்தி. கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் தாங்கினா பெரிசு” என்றார். வண்டிக்காரர் வந்ததும் முதலில் இதைத்தான் சொல்லப் போகிறார், முன்கூட்டியே பணம் சேர்த்துவைப்பதற்காக. காகித ஃபில்டர் போட்ட வண்டியில் இந்தச் செய்தி மடிப்புகளுக்குள் சிக்கிக் குப்பைக்குப் போய்விடும்.

அடியில் செருகியிருந்த கம்பி வலையை உருவி மண்ணெண்ணெயில் அலசி, மெல்லிய விளிம்பு உள்பக்கம் போகும்படி திருப்பிச் செருகினார். பழைய கேஸ்கெட் ஒட்டிய இடத்தைச் சுரண்டி எடுப்பதற்கே வெகுநேரம் ஆனது. ஒரு துணுக்கு மிஞ்சினாலும் எண்ணெய் கசியும். புதிய கேஸ்கெட், கழுவ மண்ணெண்ணெய், கடைசியில் கிளட்ச்சை மறுபடி சரிபார்ப்பது என எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட அரை நாள் ஆகிவிடும். இவ்வளவுக்கும் அவர் கேட்ட கூலி ஒரு நல்ல சிந்தெட்டிக் எண்ணெய் போத்தலின் விலையைவிடக் குறைவு. அதைக்கூடச் சிலர் பேரம் பேசுகிறார்கள். முன்னூறு வெள்ளிக்கு விளக்கும் ஸ்டிக்கரும் போடத் தயங்காதவர் கண்ணுக்குத் தெரியாத கிண்ணத்துக்குக் கூலி தரும்போது முகம் சுளிக்கிறார். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். பழைய வண்டியின் செலவு குறைவாக இருப்பதற்குக் காரணம் மலிவான பொருள் அல்ல. இந்த மனிதரின் அரை நாள் உழைப்புக்கு நாம் போடும் விலைதான்.

எண்ணெய் விஷயத்தில் அவர் கறார். கார் எண்ணெய் வேண்டாம். ஒருமுறை ஆசஹான் பக்கத்திலிருந்து வந்த ஒரு குலை வெட்டுபவர், முதலாளி வீட்டில் மிச்சம் இருந்ததென்று காருக்குரிய மெல்லிய எண்ணெயை ஊற்றியிருந்தார். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. மேட்டில் குலைகளோடு ஏறும்போது எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. காரில் கிளட்ச் தனியாக, காய்ந்த நிலையில் வேலை செய்கிறது. இந்த வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. எரிபொருள் சிக்கனத்துக்காகச் சில கார் எண்ணெய்களில் சேர்க்கும் உராய்வுக் குறைப்பான்கள் கிளட்ச் தகடுகளையும் வழுக்க வைத்துவிடும். ஜப்பானியர்கள் 1998-இல் ஜாசோ டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். போத்தலின் பின்பக்கம் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்று இருக்க வேண்டும். ‘எம்பி’ என்றால் அது ஸ்கூட்டருக்கு.

அந்த எழுத்து இருந்தால் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை என்பது அவர் கட்சி. இருபது வெள்ளியை ஒட்டிய மினரல் எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால், அறுபது வெள்ளி எண்ணெயை ஆறு மாதம் வைத்திருப்பதைவிட எஞ்சினுக்கு நல்லது. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் வீட்டையும் பள்ளிச் செலவையும் கழித்துவிட்டு வருபவரிடம் சிந்தெட்டிக் விற்பது பாவம் என்கிறார். இஎக்ஸ்5-க்கு வெறும் எண்ணெய் மாற்றத்துக்கு 0.7 லிட்டர் போதும். ஒரு லிட்டர் போத்தலில் மிஞ்சுவதை மூடி, வண்டி எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதி, தட்டில் அடுக்கிவைக்கிறார். மூன்று மிச்சம் சேர்ந்தால் அடுத்த மாற்றத்துக்கு அந்த ஆள் எண்ணெய் வாங்க வேண்டாம். அந்தத் தட்டில் ஜாசின், பெம்பான், மெர்லிமாவ் வண்டிகளின் எண்கள் வரிசையாக நின்றன.

காகித ஃபில்டர் போடும் வண்டிகளும் வருகின்றன: யமஹா எல்சி135, ஒய்15 போன்றவை. மெர்லிமாவில் படிக்கும் மாணவர்களுடையவை பல. அசல் ஃபில்டர், வெளியார் தயாரிப்பு இரண்டையும் என் கையில் கொடுத்தார். மலிவானது எல்லாமே மோசம் என்று அவர் சொல்லவில்லை. காகித மடிப்புகள் சீரான இடைவெளியில் இருக்கின்றனவா, ஓரத்துப் பசை முழுச்சுற்றும் பிடித்திருக்கிறதா, ரப்பர் விளிம்பு அமுக்கினால் திரும்பி எழுகிறதா. மூன்றும் சரியென்றால் போடுவார். பசை விட்ட ஃபில்டர் எண்ணெயை வடிகட்டாமல் பக்கவாட்டில் விட்டுவிடும். இல்லாததைவிட மோசம் அது, இருக்கிறது என்று நம்பவைப்பதால். டூ-ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ்ஸெட் வைத்திருப்பவர்களுக்கோ இந்தக் கவலையே இல்லை. அவர்களுடைய 2டி எண்ணெய் பெட்ரோலோடு எரிந்து போய்விடுகிறது. கியர்ப் பெட்டிக்குத் தனி எண்ணெய்.

போலி எண்ணெய்தான் அவர் அதிகம் கோபப்பட்ட இடம். நல்ல பெயருள்ள காலிப் போத்தலைச் சேகரித்து, கண்ட எண்ணெயை ஊற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள்; உள்நாட்டு வர்த்தக அமைச்சின் அதிகாரிகள் அவ்வப்போது சோதனையிட்டுக் கைப்பற்றுவதும் உண்டு. அவர் பட்டறையில் ஒரு போத்தல் காலியானதும் பையன் ஆணியால் அதன் வயிற்றில் ஓட்டை போடுகிறான். அப்புறம்தான் குப்பைத்தொட்டி.

வடித்த கறுப்பு எண்ணெய் ஒரு நீல டிரம்முக்குப் போகிறது. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் அதற்கு எஸ்டபிள்யூ 305 என்று எண். எண்ணெய் பட்ட துணிக்கும் ஃபில்டருக்கும் எஸ்டபிள்யூ 410. உரிமம் பெற்றவர்கள் லாரியில் வந்து எடுத்துப்போகிறார்கள், சிறு தொகையும் கொடுக்கிறார்கள். தோட்டத்தில் முன்பெல்லாம் இதை வேலிக் கம்பத்துக்குப் பூசுவார்கள், கரையானுக்கு ஊற்றுவார்கள், மிச்சம் கால்வாய்க்குப் போகும். தானே எண்ணெய் மாற்றுபவர்களில் சிலர் இன்னமும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு பங்கு எண்ணெய் பத்து லட்சம் பங்கு நீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு எச்சரிக்கிறது. 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா முழுவதும் குடம் தூக்கி நின்றது இங்கே பெரியவர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இன்று மாநிலத்துக்குக் குடிநீர் தரும் ஜுஸ் அணை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. வீட்டில் மாற்றுபவர்கள் பழைய எண்ணெயைப் போத்தலில் கொண்டுவந்து கொடுத்தால் அவர் காசு கேட்பதில்லை, டிரம்மைத் திறந்து காட்டுகிறார்.

மத்தியானத்துக்கு மேல் அந்த இஎக்ஸ்5-இன் சொந்தக்காரர் வந்தார். வங்காளதேசத்து இளைஞர், தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்திடமிருந்து வாங்கிய வண்டியாம். மலாயில் பேசிக்கொண்டார்கள். பட்டறைக்காரர் வெள்ளைத் தட்டைக் காட்டி, காந்தத்தை வைத்து, கிளட்ச் கதையைச் சொன்னார். இளைஞர் தன் கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அளவுகோல் கம்பியைத் திருகாமல் வெறுமனே நிறுத்தித்தான் எண்ணெய் மட்டம் பார்க்க வேண்டும் என்பதையும் அவரையே செய்ய வைத்துக் காட்டினார்.

எழுதுவதானால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். “வண்டியைத் தள்ளிக்கிட்டு வராதீங்கன்னு எழுதுங்க தம்பி. பத்து நிமிஷம் ஓட்டிட்டு, சூட்டோட கொண்டாரச் சொல்லுங்க. ஆறிப் போச்சுன்னா கசடு பாதி உள்ளேயே தங்கிடும். டிரெய்ன் நட்டோட வாஷரையும் ஒவ்வொரு தடவையும் புதுசா போடச் சொல்லுங்க. அது சில்லறைக் காசுதான்.”