போர்டை மாத்தாமலே ஒரு அப்கிரேட்

டூட்டி முடிஞ்சு வந்து நீட் பிஜி வீடியோ பார்க்க என்கிட்ட இருக்கிறது 2018ல வந்த ரைசன் 3 2200ஜி, பி450 போர்டு. விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சுது. விண்டோஸ் 11 பட்டியல்ல இந்த ப்ராசஸர் இல்லை.

"எல்லாத்தையும் மாத்திடுங்க சார்"னு கடையில சொன்னாங்க. ஏஎம்5க்குப் போனா போர்டு, ப்ராசஸர், டிடிஆர்5 ரேம் மூணுமே புதுசு. அரசு டாக்டர் சம்பளம் பத்தி கடைக்காரருக்குப் பெரிய கற்பனை போல!

பி450 ஏஎம்4 சாக்கெட். அதுலயே ரைசன் 5 5600ஜி உட்காரும்: 6 கோர், 12 திரெட். பழைய ரேமும் ஓடும். கடைசி 'ஜி' முக்கியம் மக்களே. வெறும் 5600 வாங்கினா, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம திரையில ஒண்ணும் வராது.

ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி கிராஸ்மேட்ச் பார்க்கிற மாதிரி, போர்டு கம்பெனியோட சப்போர்ட் லிஸ்ட்ல ப்ராசஸர் பேரையும் அதுக்கான பயாஸ் வெர்ஷனையும் பாருங்க. பழைய ப்ராசஸர் உள்ள இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிடணும். நடுவுல கரண்ட் போனா போர்டே போயிடலாம், யூபிஎஸ்ல போட்டுப் பண்ணுங்க.