பழனி அடிவாரத்து உடும்பு கொடைக்கானல் ஏறுவதில்லை, ஏன்?

பழனியில் முருகனைத் தரிசித்துவிட்டு அப்படியே கொடைக்கானல் போகிறவர்களுக்கு மலைப்பாதை சுமார் 65 கிலோமீட்டர். ஊரைத் தாண்டியதும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. சற்று தூரத்தில் வரதமாநதி அணை. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். காரில் இருக்கும் குழந்தைகள் குரங்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனால், இந்த அடிவாரத்தில் பார்க்க வேண்டிய இன்னொருவர் இருக்கிறார். அவர்தான் உடும்பார்!

காலை ஒன்பது மணி வெயில் பாறையில் விழும்போது பொந்திலிருந்து வெளியே வருவார். சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், நீண்ட கழுத்து, பாம்புக்கு இருப்பது போலப் பிளந்த நாக்கு. நன்கு வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒன்றே முக்கால் மீட்டர் வரை இருக்கும். அசையாமல் கிடந்தால் காய்ந்த மரக்கிளை என்றே நினைக்கத் தோன்றும்.

வெயில்தான் எல்லை

உடும்பு குளிர் ரத்தப் பிராணி. உடம்புக்கு வேண்டிய சூட்டை வெயிலில் காய்ந்துதான் ஏற்றிக்கொள்ளும். சூடு ஏறினால்தான் ஓட முடியும், இரை தேட முடியும், தின்றதும் செரிக்கும். பெண் உடும்பு மண்ணிலோ கரையான் புற்றிலோ குழி தோண்டி இருபது முப்பது முட்டைகள் இடும். அவை பொரிக்க ஆறேழு மாதங்கள்கூட ஆகும். அத்தனை நாளும் மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

அடிவாரத்தில் இதற்குக் குறையில்லை. மேலே ஏற ஏறக் காட்சி மாறும். காப்பித் தோட்டம், பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன மலைவாழை, பெருமாள்மலைக்கு அப்பால் பேரிக்காயும் பிளம்ஸும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலில், நமக்கே ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. ஸ்வெட்டர் இல்லாத உடும்பு பாவம், என்ன செய்யும்? வெயிலும் புற்றும் இருக்கிற கீழ்மலையோடு நின்றுவிடுகிறது.

கொமோடோவின் சொந்தக்காரர்

இந்தோனேசியாவின் கொமோடோ தீவில் மூன்று மீட்டர் நீளமும் 70 கிலோ எடையும் உள்ள ராட்சத உடும்பு வாழ்கிறது. 1912-ல்தான் அறிவியல் உலகுக்கு அது முறையாக அறிமுகமானது. மானையே வீழ்த்தும் அந்த டிராகனைப் பார்க்க உலகமே கப்பலேறிப் போகிறது. இலங்கையில் ஆற்றோரங்களில் திரியும் கபரகொயா இன்னொரு சொந்தம். இந்தியாவில் மட்டும் நான்கு வகை உடும்புகள் உண்டு.

நம்மூர் உடும்பு மானைப் பிடிப்பதில்லை. வண்டு, நண்டு, நத்தை, தேள், எலி, முட்டை ஆகியவையே அதன் சாப்பாடு. செத்த பிராணியையும் தின்று காட்டைச் சுத்தம் செய்யும். தோட்டக்காரருக்கு இது சம்பளம் வாங்காத வேலையாள். பளிச்சென்ற புள்ளிகளோடு பிறக்கும் குட்டி உடும்பைக் கொடிய விஷ ஜந்து என்று பயந்து அடித்துவிடுகிறார்கள். உண்மையில் அதனால் மனித உயிருக்கு ஆபத்தில்லை.

பிடி எப்படி வந்தது?

‘உடும்புப் பிடி’ என்கிறோமே, அது சும்மா வந்த பேச்சல்ல. எதிரி துரத்தினால் பாறை இடுக்கில் நுழைந்து, நகங்களை ஊன்றி, காற்றை இழுத்து உடம்பை உப்ப வைத்துக்கொள்ளும். வாலைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும் வராது.

அந்தப் பிடியையும் மீறி மனிதன் அதை வெளியே இழுத்துவிட்டான். இறைச்சிக்காகவும் மூட்டுவலிக்கு எண்ணெய் என்ற நம்பிக்கையாலும் வேட்டையாடினான். கச்சேரி மேடையில் ஒலிக்கும் கஞ்சிராவுக்கும் உடும்புத் தோலே பல காலம் போர்த்தப்பட்டது. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை புகழ் சேர்த்த வாத்தியம் அது. இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. நாதம் நின்றுவிடவில்லை.

இன்னொரு மோசடியும் உண்டு. ‘ஹத்தா ஜோடி’ என்ற பெயரில், கைகூப்பியது போன்ற ஒரு வேரை வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று விற்பார்கள். அது வேரே அல்ல. ஆண் உடும்பின் இனப்பெருக்க உறுப்பைக் காயவைத்தது. இணையத்திலேயே இது விற்கப்படுவது 2017-ல் வெளிச்சத்துக்கு வந்தது. பூஜையறையில் வைப்பவருக்கு அது என்னவென்றே தெரிவதில்லை.

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் அதே பட்டியல்தான். உடும்பைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பழனி மலையில் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காடு 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

போகிறவர்கள் கவனத்துக்கு

2024 மே முதல் கொடைக்கானல் செல்ல இ-பாஸ் அவசியம். கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். செண்பகனூரில் 1895-ல் இயேசு சபையினர் தொடங்கிய இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் பறவைகளும் அங்கே இருக்கின்றன.

உயிருள்ளதைப் பார்க்க அடிவாரமே சரி. காலை வெயிலில் தார்ச்சாலையும் பாறை போலச் சூடேறும். சூடு காய உடும்பு சாலைக்கே வந்துவிடும். வேகமாக வரும் வண்டி அதற்கு எமன். மிச்சச் சோற்றை வளைவுகளில் வீசினால், அதைத் தேடியும் விலங்குகள் சாலைக்கு வரும். வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். இறைச்சியோ எண்ணெயோ என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள், வனத்துறையிடம் சொல்லுங்கள்.

‘உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்’ என்பது பழமொழி. வாயிருந்தால் இன்று உடும்பும் நம்மிடம் அதைத்தான் கேட்கும்.