மீட்டரின் சாட்சியம்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் லேப்டாப் பழுது பார்க்கும் கடைகள் பெருகியதற்கு மூலகாரணம் எது என்று ஆராயப் புகுந்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் ஆரம்பமான 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதிக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன்னால் இவ்விரண்டு ஜில்லாக்களிலும் மடிக்கணினி என்பது கல்லூரி ஆசிரியர்களிடமும் சிமெண்ட் ஆலை அதிகாரிகளிடமும் மட்டுமே காணக் கிடைத்த வஸ்து. அதன் பிறகோ, மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைவிக்கிற குடும்பத்துப் பிள்ளைகள் வேப்பந்தட்டையிலிருந்தும் செந்துறையிலிருந்தும் குன்னத்திலிருந்தும் அதைத் துணிப்பையில் வைத்து, மடியில் இருத்தி, பஸ்ஸில் கொண்டுவரலானார்கள். ரேடியோவும் டி.வி.யும் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் போன்ற மெக்கானிக்குகள், அந்தப் பைகள் வந்து மேஜைமேல் உட்கார்ந்துவிட்ட காரணத்தினாலேயே இத்தொழிலுக்கு வந்து சேர்ந்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

டிரான்சிஸ்டர் எங்களுக்குப் புதிய பொருளன்று. பி.சி.148, எஸ்.எல்.100, ஏ.சி.128 என்னும் எண்களை எங்கள் தலைமுறையினர் மனப்பாடமாக அறிந்திருந்தோம். ஊசி மீட்டரை ஓம்ஸில் வைத்தால் அதன் கறுப்பு முனையே பாசிட்டிவ் ஆகிவிடுகிறது என்ற விசித்திரத்தை முதலில் மனத்தில் பதிய வைத்துவிட்டுத்தான் எங்கள் குருமார்கள் எங்களைச் சால்டரிங் அயர்ன் தொடவிட்டார்கள். பேஸிலிருந்து எமிட்டருக்கு ஒரு டயோடு, கலெக்டருக்கு ஒரு டயோடு என்று பாவித்துக்கொண்டு இரண்டையும் அளப்பது, ஜெர்மானியமானால் 0.2, 0.3 வோல்ட்டும் சிலிக்கனானால் 0.6 முதல் 0.7 வோல்ட் வரையும் வருகிறதா என்று பார்ப்பது, எமிட்டர் பக்கத்து ரீடிங் கலெக்டர் பக்கத்தைவிடச் சில மில்லிவோல்ட் கூடுதலாக இருக்கும் என்னும் நுட்பத்தைக் கொண்டு, எண் அழிந்துபோன டிரான்சிஸ்டரிலும் கால்களை அடையாளம் காண்பது: இவ்வளவுதான் அன்றைய வித்தை. மூன்று கால்களில் இரண்டை போர்டிலிருந்து விடுவித்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

லேப்டாப் போர்டில் அந்த வித்தை பாதி தூரந்தான் வரும். பிராசசருக்குள் கோடிக்கணக்கில் அடங்கியிருக்கும் டிரான்சிஸ்டர்கள் நம் கைக்கு எட்டாதவை. அவற்றைப் பற்றி நமக்குக் கவலையும் வேண்டாம். வெளியே கண்ணுக்குத் தெரிகிறவற்றுள் மின்சாரத்தைச் சுமக்கும் பொறுப்பு முழுவதும் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகையினுடையது. இதற்கும் ரேடியோக் காலத்து டிரான்சிஸ்டருக்கும் உள்ள பேதம் அடிப்படையானது. பழையதில் பேஸ் வழியே சிறு ஓட்டம் ஒன்று ஓடினால்தான் கலெக்டரில் பெரிய ஓட்டம் பிறக்கும். மாஸ்ஃபெட்டிலோ கேட் என்னும் காலின் வழியே ஓட்டம் எதுவும் உள்ளே போவதில்லை. ஆக்ஸைடு என்னும் கண்ணாடிப் படலத்துக்கு அப்பால் நின்றுகொண்டு, வெறும் மின்னழுத்தத்தினாலேயே அது பாதையைத் திறக்கிறது. ஏரி மதகின் பலகையை மேலே நின்று தூக்குகிற நீர்க்கட்டி தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை அல்லவா, அந்த மாதிரி. சரித்திரத்தில் இந்த எண்ணமே மூத்தது என்பது ஒரு விசேஷம். லிலியன்ஃபெல்டு என்பவர் 1925-லேயே இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஆனால் செய்து காட்ட வழியில்லை. பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஷாக்லியின் குழுவினர் இதே எண்ணத்தைத் துரத்திக்கொண்டு போகையில், படிகத்தின் மேற்பரப்பில் சிக்கிக்கொண்ட எலெக்ட்ரான்கள் வழியை மறித்துவிட, அந்தத் தோல்வியை ஆராய்ந்த பார்டீனும் பிராட்டனும் 1947 டிசம்பரில் வேறு வகை டிரான்சிஸ்டர் ஒன்றைக் கண்டடைந்தார்கள். 1956-ல் மூவருக்கும் நோபல் பரிசும் கிடைத்தது. சிலிக்கன்மேல் ஆக்ஸைடை வளர்த்து அந்த மேற்பரப்பை அடக்கி, 1959-60 வாக்கில் மாஸ்ஃபெட்டை நிஜமாக்கியவர்கள் எகிப்தில் பிறந்த அட்டாலாவும் கொரியாவில் பிறந்த டாவோன் காங்கும். அவர்களுக்கு அந்தப் பரிசு வாய்க்கவில்லை. ஆனால் இன்று என் மேஜைக்கு வருகிற போர்டுகளில் பெரும்பகுதி வேலையைச் செய்வது அவர்களுடைய சிருஷ்டியே.

போர்டிலிருந்து கழற்றிய எட்டுக்கால் மாஸ்ஃபெட் ஒன்றைச் சோதிப்பது பார்க்கவே ரம்மியமான காரியம். புள்ளி வைத்த மூலையிலிருந்து முதல் மூன்று கால்கள் சோர்ஸ், நான்காவது கேட், எதிர்ப்புறத்து நான்கும் டிரெயின். டிஜிட்டல் மீட்டரை டயோடு நிலையில் வைத்து, என்-சானலாக இருந்தால் சிவப்பு முனையைச் சோர்ஸிலும் கறுப்பை டிரெயினிலும் தொட்டால், உள்ளே இயல்பாகவே அமைந்துள்ள டயோடு 0.4 முதல் 0.6 வோல்ட்டுக்குள் ஓர் எண்ணைக் காட்டும். முனைகளை மாற்றினால் மீட்டர் ஓ.எல். என்று வாய் மூடிக்கொள்ளும். இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. கறுப்பைச் சோர்ஸிலேயே நிறுத்திவிட்டுச் சிவப்பைக் கேட்டில் ஒரு க்ஷணம் தொட்டு எடுத்து, உடனே டிரெயினில் வைத்தால், சற்றுமுன் மௌனமாக இருந்த பாதை திறந்து, ரீடிங் பூஜ்யத்தை நெருங்கும். கேட்டில் ஏறிய அந்த அற்ப மின்னூட்டத்துக்கு வெளியேற வழியில்லாததால், முனையை எடுத்த பிறகும் பாதை திறந்தே கிடக்கிறது; பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் நிமிஷக்கணக்கில் அப்படிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு கேட்டையும் சோர்ஸையும் சேர்த்து விரல் நுனியால் ஒரு முறை தடவினால், நம் தோலின் வழியாக மின்னூட்டம் கசிந்து, பாதை மூடிக்கொள்கிறது. மின்சாரத்தைக் கையால் தொட்டு நிறுத்தும் இந்த வேடிக்கையை, கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டாமல் என்னால் இருக்க முடிவதில்லை. மீட்டர் டயோடு நிலையில் தருவது இரண்டு மூன்று வோல்ட் மட்டுமே. அந்த அழுத்தத்துக்குத் திறவாத மாஸ்ஃபெட்டுகளும் உண்டு. அவற்றைச் செத்தவை என்று குப்பையில் போடுகிறவர்களும் உண்டு.

ஆனால் கழற்றிச் சோதிப்பது கடைசிப் பட்சமாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்ற ஹாட் ஏரை 350 டிகிரிக்கு மேல் வைத்து ஊத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ளவற்றின் ஆயுளில் கொஞ்சம் குறைகிறது. ஆகவே போர்டில் வைத்தே அளக்கிறோம், அங்கேதான் புதியவர்களின் தடுமாற்றம் ஆரம்பமாகிறது. நியாய சாஸ்திரக்காரர்கள் பிரத்தியட்சம் வேறு, அனுமானம் வேறு என்று பிரித்தார்கள். போர்டின் மேல் மீட்டர் காட்டும் எண் நமக்குப் பிரத்தியட்சமாவது ஒன்றைப் பற்றி மட்டுமே, அதாவது அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள எல்லா வழிகளின் கூட்டுத் தன்மையைப் பற்றி மட்டுமே. இன்ன உறுப்பு கெட்டது என்பது அதிலிருந்து நாம் செய்யும் அனுமானம். பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில் மேல், கீழ் என்று இருக்கும் இரண்டு மாஸ்ஃபெட்டுகளில் கீழ் மாஸ்ஃபெட்டின் குறுக்கே மீட்டரை வைத்தால் அது கணீரென்று கத்தும். ஏனென்றால் காயில் வழியாகப் பிராசசரே அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையில் இருக்கிறது. அதன் எதிர்ப்போ இயல்பாகவே சில ஓம்களுக்குள் அடங்கிவிடுவது. முப்பது, நாற்பது ஓமுக்குக் கீழ் எது இருந்தாலும் கத்துகிற யந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு ‘ஷார்ட்’ என்று தீர்ப்பு எழுதுவது, சாட்சி சொல்லாததைச் சாட்சியின் வாயில் திணிக்கிற காரியம். பீப் சத்தத்தை அடியோடு அணைத்துவிட்டு எண்ணைப் பார்த்துப் பழகும்படிதான் நான் பையன்களுக்குச் சொல்லுகிறேன். முனைகளின் ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும், அதையும் கழிக்க வேண்டும் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

கடையில் வேலை கற்கும் பையன் ஒருவன், ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த, உயிரே இல்லாத ஒரு லேப்டாப்பைத் திறந்து, அடாப்டர் ஜாக்குக்கு அடுத்து இருக்கும் முதல் மாஸ்ஃபெட்டில் மீட்டரை வைத்தான். “அண்ணே, இது போயிடுச்சு. இந்தப் பக்கம் பத்தொன்பது வோல்ட் வருது, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல.” அனுமானம் நியாயமானதுதான். “கேட்ல எவ்வளவு இருக்கு தம்பி?” என்று கேட்டேன். பார்த்தான், ஒன்றுமில்லை. என்-சானல் மாஸ்ஃபெட் 19 வோல்ட்டைக் கடத்த வேண்டுமானால் அதன் கேட் சோர்ஸைவிட உயர்ந்து, ஏறக்குறைய 25 வோல்ட்டில் நிற்க வேண்டும். அந்த உயர்ந்த அழுத்தத்தைத் தயாரித்துக் கொடுப்பது சார்ஜர் ஐசியின் கடமை. உத்தரவே வராதபோது திறக்காமல் இருப்பது மாஸ்ஃபெட்டின் குற்றமாகுமா? ஐசி ஏன் உத்தரவிடவில்லை என்று போனால், அடாப்டர் வந்துவிட்டது என்பதை அது ஒரு காலில் வரும் அழுத்தத்தைக் கொண்டு உணர்கிறது. பி.க்யூ.24735 இனத்தைச் சேர்ந்த அந்த ஐசிக்கு அங்கே 2.4 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வந்ததோ ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. 19 வோல்ட்டைப் பங்கிட்டு அக்காலுக்குக் கொடுக்கும் இரண்டு ரெஸிஸ்டர்களில் மேலே இருப்பதன் ஓரம், என்றோ சிந்திய தேநீரால் பச்சை பூத்துப் போயிருந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள அதை மாற்றியதும் லேப்டாப் எழுந்தது. பையன் புதிய மாஸ்ஃபெட்டைப் போட்டிருந்தால் அதுவும் திறந்திருக்காது. போர்டைத் தூக்கி எறியச் சொல்லியிருப்பான்.

இத்தகைய அனுபவங்களால் ஊர்ஜிதமான என் கொள்கை இதுதான்: டிரான்சிஸ்டரை அளக்கப் போகுமுன், அது இந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா, அதை நடத்துவது யார் என்ற மூன்றையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவனுக்கு மீட்டரால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஸ்கீமேட்டிக் கிடைத்தால் பாக்கியம்; கிடைக்காவிட்டால் அதே இனத்து நல்ல போர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட வேண்டியதுதான். மூன்று கால் பொடி டிரான்சிஸ்டர்களில் சிலவற்றுக்கு உள்ளேயே ரெஸிஸ்டர் வைத்து அடைத்திருக்கிறார்கள். பழைய டயோடு கணக்கை அவற்றினிடம் செலுத்தினால் நல்லதும் கெட்டதாகவே தோன்றும். அவற்றுக்கு ஒப்பீட்டைத் தவிர வேறு உபாயம் கிடையாது.

இங்கே எல்லாப் பழியையும் கரண்டின்மேல் போடுவது வழக்கம். வயல் மோட்டார்கள் ஓடுகிற கிராமங்களில் வோல்டேஜ் ஏறி இறங்குவது மெய்யே. ஆனால் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும் அடாப்டர் அந்த ஆட்டத்தைப் பெரும்பாலும் தானே விழுங்கிவிடுகிறது. இடி விழுந்தால் கதை வேறு. அரியலூர்ப் பக்கத்து லேப்டாப்புகளில் நான் அதிகம் காண்பது தூசு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்து சங்கும் நத்தையும் படிந்து இறுகிய அந்தச் சுண்ணாம்புக்கல் பூமியில், லாரி போகிற சாலையோரத்து வீடுகளிலிருந்து வரும் யந்திரங்களில், ஃபேனுக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே வெள்ளைத் தூசு கம்பளி போர்த்தியிருக்கும். வெப்பம் வெளியேற வழியின்றி மாஸ்ஃபெட் வேகிறது. இப்படி வெந்தவற்றில் ஒரு ரகம் மிகவும் துரோகியானது: ஆறியிருக்கையில் மீட்டரின் எல்லாக் கேள்விகளுக்கும் யோக்கியமாகப் பதில் சொல்லும், சூடேறியதும் கேட்டில் கசியத் தொடங்கும். ஹாட் ஏரைக் குறைந்த சூட்டில் வைத்து அதைச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொண்டு அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

மாற்றுவதற்குப் புதிய சரக்கு வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவுக்குச் சொல்லியனுப்பி, பார்சல் வரும்வரை காத்திருக்கிறோம். எண்ணை அழித்து வேறு எண் அச்சிட்ட சரக்கும் சந்தையில் புழங்குவதால், செத்த போர்டிலிருந்து எடுத்துச் சோதித்த மாஸ்ஃபெட்டையே நான் பெரிதும் விரும்புகிறேன். அதே எண் அகப்படாவிட்டால், தாங்கும் அழுத்தம் 30 வோல்ட்டுக்குக் குறையாமலும், திறந்த நிலை எதிர்ப்பு பழையதைவிட அதிகமாகாமலும், கால் அமைப்பு ஒன்றாகவும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது, பிராசசர் பகுதியின் மேல் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருப்பதைக் காணும் தருணம். ஒரு வோல்ட் அளவில் வாழ்கிற பிராசசரின் மேல் அது 19 வோல்ட்டையும் அப்படியே கொட்டிவிடக்கூடும். கண்ட்ரோலர் ஐசி ஆபத்தை உணர்ந்து கீழ் மாஸ்ஃபெட்டை உடனே திறந்து, வந்ததையெல்லாம் கிரவுண்டுக்குத் திருப்பி, அடாப்டரை அணையச் செய்திருந்தால் பிராசசர் பிழைத்திருக்கும், தாமதித்திருந்தால் இல்லை. இரண்டில் எது நடந்தது என்பதை முன்கூட்டி அறிய மீட்டரால் முடியாது, ஏனென்றால் உயிருள்ள பிராசசரும் குறைந்த ஓமையே காட்டுகிறது, செத்ததும் பல சமயம் அதையே காட்டுகிறது. இரண்டு மாஸ்ஃபெட்டுகளையும் மாற்றி, பெஞ்ச் சப்ளையில் ஆம்பியரைக் கட்டுப்படுத்தி, மெதுவாக ஏற்றிப் பார்ப்பது ஒன்றே வழி. அதற்குக் கூலியாகும், பலனோ நிச்சயமில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முதலில் கேட்பது யந்திரத்தைப் பற்றியன்று. புராஜெக்ட்டும் போட்டோவும் போய்விட்டனவா என்றுதான். டிஸ்க்குக்கு மின்சாரம் தனி லைனில் போகிறது. அது பெரும்பாலும் தப்பித்திருக்கும். ஆகையால் டிஸ்க்கை முதலில் கழற்றி, யு.எஸ்.பி. உறையில் போட்டு, கடைக் கணினியில் திறந்து அவர்கள் ஃபைல்களைக் காட்டிவிட்ட பிறகே, போர்டுக்கு ஆகும் செலவைப் பற்றிய பேச்சை எடுக்கிறேன்.