கொல்லைப்புறத்து பாய்லரும் கல்நார் கயிறும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமியார் காலத்துச் செப்பு பாய்லர் இன்னும் இருக்கிறது. கீஸர் வந்த பிறகும் மார்கழி விடியற்காலையில் மட்டையும் கொட்டாங்கச்சியும் போட்டு அதில்தான் வெந்நீர். அதன் தகரப் புகைக்குழாயில் கை பட்டால் தோல் உரிந்துவிடும். அதனால் மாமியார் அதற்குக் கல்நார் கயிறு சுற்றி வைத்திருந்தார்.

போன மார்கழியில் பார்த்தால் கயிறு நைந்து தரையெல்லாம் வெள்ளைத் தூள். பிரசவத்துக்கு வரப்போகும் பெண்ணும், அவளுடைய மூணு வயசுப் பிள்ளையும் ஞாபகம் வந்தார்கள். உடனே பஸ் ஏறி, மெயின் கார்டு கேட்டில் இறங்கி, பெரிய கடை வீதிக்குப் போனேன். கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு சூடு தாங்கணும்?" எடுத்துக் கொடுத்ததும் அதே கல்நார்தான்.

பக்கத்து வீட்டு மாமா திருவெறும்பூர் பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கயிற்றைப் பார்த்ததும், "ஏம்மா, சூடு தாங்குமான்னு கேட்டே, சரி. உதிருமான்னு கேட்டியா?" என்றார்.

கல்நார் தீயில் எரியாது. அதுதான் அதன் பெருமை. ஆனால் நைந்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகப் பிரிந்து, மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடுமாம். 20, 30, 40 வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாமாம். அதனால்தான் 1995-ல் சுப்ரீம் கோர்ட், கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலக் குறிப்புகளைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இடுப்பில் குழந்தையோடு எத்தனை நாள் அந்தத் தூளைப் பெருக்கியிருக்கிறேன்! "வருஷக்கணக்கா அந்த வேலையே செஞ்சவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். பயப்படாதே. ஆனா இனிமே ஒரு துளிகூட வேண்டாம்" என்றார் மாமா.

வேலை தெரிந்த ஒருவரை அவரே அழைத்து வந்தார். பாய்லர் ஆறின பிறகு, பழைய கயிற்றைச் சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, பிய்க்காமல் கழற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டினார்கள். தரையைப் பெருக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்தார்கள்.

புதிதாகச் சுற்றியது ஃபைபர் கிளாஸ் நாடா. துணி மாதிரி வளையும். சுமார் 450 டிகிரி வரை தாங்கும். தோலில் பட்டால் அரிக்கும். ஆகவே கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கு மூடி அவசியம். பீங்கான் நார் 1000 டிகிரிக்கு மேலும் தாங்குமாம். ஆனால் அது உலைகளுக்கு உரியது, அதன் தூளும் நல்லதல்ல, வீட்டுக்கு வேண்டாம். சாக்கு, பழைய புடவை இவையெல்லாம் கருகித் தீப்பிடிக்கும்.

இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. எனவே நாடாவை நசுங்கும்படி இறுக்கக் கூடாது. சுற்றின பிறகும் வெளிப்புறம் சுடத்தான் செய்யும். அதனால் குழந்தை நெருங்காமல் கம்பி வலை அடித்துவிட்டோம். கீஸருக்கு உள்ளேயே காப்பு இருக்கிறது. அதன் மேல், முக்கியமாக சேஃப்டி வால்வின் மேல், எதையும் சுற்றாதீர்கள்.

கடைக்காரர் கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பணம் போனால் போகட்டும். உங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய பாய்லர் இருந்தால், சகோதரிகளே, இன்றே போய்ப் பாருங்கள். கயிறு உதிர்ந்திருந்தால் துடைப்பத்தை மட்டும் கையில் எடுக்காதீர்கள்!