சர்க்கரை ரோஜாவின் கிரயம்

எத்தொழிலிலும் பொருளின் விலையைக் கணக்கிடுதல் எளிது. கையின் விலையைக் கணக்கிடுதலே அரிது. மாவு இத்தனை ரூபாய், சர்க்கரை இத்தனை ரூபாய் என்று கடைக்காரர் சீட்டு எழுதித் தருகிறார். நள்ளிரவில் விளக்கடியிற் குனிந்திருந்த கழுத்துக்குச் சீட்டு எழுதித் தருவார் ஒருவருமிலர். இவ்வுண்மையை யாம் இக்கலாசாலையிற் பொருளாதாரம் பயின்ற மூன்றாண்டுகளில் கற்றிலோம். எமது வீட்டு அடுக்களையிலே, கேக்கு விற்கும் தொழிலிலே, சற்று நாணத்தோடு கற்றுக்கொண்டோம். அதனை ஈண்டு எடுத்துரைப்பது, கைத்தொழில் செய்து பிழைக்கக் கருதும் மாணாக்கர்க்கு ஒருவாறு பயன்படுமென்று எண்ணுகிறோம்.

யாம் பாளையங்கோட்டைவாசிகள். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் பரவிய காலத்தில், யாம் கணக்கெழுதி வந்த நிறுவனம் மூடப்படவே, உத்தியோகமின்றி வீட்டிலிருக்க நேர்ந்தது. பொழுதுபோக்காக யாம் சுட்ட கேக்குகளை அயலார் விலைக்குக் கேட்கத் தொடங்கினர். சில திங்களில் அதுவே எமக்குத் தொழிலாயிற்று. காலஞ்சென்ற எம் தமையனாரின் மனைவியார், தம் ஒரே மகளுடன் எம் இல்லத்திலேயே வசிக்கிறார். கேக்கு சுடுதலும், வருவோரிடம் பேசி விலை முடித்தலும் எம் வேலை. கேக்கின்மேல் வைக்கும் சர்க்கரைப் பூக்களைச் செய்தல் மதினியாரின் வேலை. அவர் இக்கலையில் தேர்ச்சி பெற இரண்டாண்டு சென்றன. அவ்விரண்டாண்டில் உடைந்தும் வெடித்தும் குப்பைக்குப் போன ரோஜாக்களை எண்ணியவர் இலர்.

சர்க்கரை ரோஜா ஒன்று உண்டாகும் விதத்தை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். பொடித்த ஐசிங் சர்க்கரையோடு முட்டை வெண்கருவும், இறுகும்படி சிறிது டைலோஸ் தூளும் சேர்த்துப் பிசைந்தால் ‘கம் பேஸ்ட்’ என்னும் பசை கிடைக்கும். மெல்லிய கம்பியின் நுனியில் அதனைக் கூம்பாகப் பிடித்து ஓரிரவு உலரவிட வேண்டும். மறுநாள் பசையைக் கண்ணாடிபோல் மெலிதாகத் தேய்த்து, இதழ் வெட்டி, உருண்டை முனையுள்ள கருவியால் ஓரங்களை நீவி நெளியவிட்டு, ஒவ்வொன்றாக ஒட்டுதல் வேண்டும். முதலிதழ் ஒன்று மொக்கை மூடும்; பின்னர் 3, 5, 7 என வரிசைகள் விரியும்; ஆக 16 இதழ்கள். அதன்பின் வண்ணத்தூள் பூசி, ஆவியிற் காட்டி நிறத்தைப் படியச் செய்து, காம்புக்குப் பச்சை நாடா சுற்றுவர். கோடையில் எம் ஊர்க் காற்று இதழை ஒட்டுமுன்னரே வெடிக்கச் செய்யும். ஐப்பசி மழையிலோ இதழ் உலராது துவண்டு விழும். இரண்டுக்கும் நடுவே கை விரைந்தும் பொறுத்தும் வேலை செய்தல் வேண்டும்.

இனி எம் பிழையைக் கூறுவோம். கேக்கை யாம் நிறைக்கு விலை கூறி விற்று வந்தோம். ஒரு கிலோ ரூ. 950 என்றால் வாங்குவோருக்கும் விளங்கும், எமக்கும் வாய் கூசாது. பூக்களுக்கோ நிறையுமில்லை, அளவுமில்லை. ஆகவே வருபவர் முகத்தைப் பார்த்து வாய்க்கு வந்த தொகையைக் கூறுவோம். அவர் புருவம் சற்று உயர்ந்தால் உடனே குறைப்போம்.

2023ஆம் ஆண்டு ஐப்பசியில், எம்மோடு இக்கலாசாலையில் ஒரே வாங்கில் அமர்ந்து பயின்ற நண்பர் ஒருவர், தம் மகளின் விவாகத்துக்கென மூன்றடுக்குக் கேக்கு வேண்டுமென்று வந்தார். நிறை 6 கிலோ, அதற்கு ரூ. 5,700 என்றோம், மறுப்பின்றி உடன்பட்டார். அடுக்குதோறும் தவழும்படி 12 பெரிய ரோஜாக்களும், 40 சிறு பூக்களும், 30 இலைகளும் வேண்டுமென்றார். ரூ. 1,800 கேட்க நினைத்தோம். அத்தொகைக்கும் எம்மிடம் கணக்கில்லை. நண்பர் எம் தோளைத் தட்டி, “பூவுக்கு என்னப்பா தனி விலை? எல்லாம் சர்க்கரைதானே!” என்றார். யாமும் நகைத்து, ரூ. 900 போதுமென்றோம். அடுக்களை வாயிலில் நின்றிருந்த மதினியார் ஒன்றும் கூறிலர்.

மூன்று இரவுகள் அவர் உறங்கவில்லை. மழையீரத்தில் இதழ் துவளாதிருக்க மேசை விசிறியை அருகில் வைத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஒவ்வோர் இதழாக ஒட்டினார். விவாகத்தன்று கேக்கைக் கண்டவரெல்லாம் உண்மைப் பூவோ என்று தொட்டுப் பார்த்தனர். எமக்குப் புகழ் வந்தது. யாமும் அதனை எமக்கே உரியதாக ஏற்றுக்கொண்டோம்.

சில வாரங்கள் கழிந்தன. பி.காம். இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்த எம் தமையனார் மகளுக்கு, வீட்டிலோ அயலிலோ நடக்கும் ஒரு தொழிலுக்கு அடக்கவிலைத் தாள் எழுதி வருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். அவள் தன் தாயின் பூக்களையே எடுத்துக்கொண்டாள். அம்மூன்று இரவுகளிலும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள் என்பதை யாம் அன்றுதான் அறிந்தோம். மூலப்பொருள் என்னும் பத்தியை எழுதி முடித்தபின் பேனாவை நிறுத்தி எம்மை நோக்கி, “சித்தப்பா, அம்மாவின் கூலியை எந்தப் பத்தியில் எழுதுவது?” என்று வினவினாள்.

யாம் விடை கூற இயலாமல் அத்தாளை வாங்கிப் பார்த்தோம். ரோஜா ஒன்றுக்கு 50 நிமிஷம். உடைவதற்கு ஈடாக இரண்டு கூடுதலாகச் செய்தமையால் 14 ரோஜாக்களுக்கு 700 நிமிஷம். சிறு பூக்களும் இலைகளும் ஒவ்வொன்றுக்கும் 4 நிமிஷமாக, முறையே 160, 120 நிமிஷம். கேக்கின்மேல் அமைத்தற்கு 100 நிமிஷம். ஆக 1,080 நிமிஷம், அஃதாவது 18 மணி நேரம். பசை, கம்பி, நாடா, வண்ணம் முதலியவற்றுக்கு ரூ. 540 செலவு. யாம் வாங்கிய ரூ. 900இல் அது போக எஞ்சியது ரூ. 360. அதனை 18ஆல் வகுத்தால் மணிக்கு ரூ. 20.

அதே வாரத்தில் எம் வீட்டுச் சுவரைப் பூசவந்த கொத்தனார்க்கு, எட்டு மணி நேர வேலைக்கு ரூ. 900 எண்ணிக் கொடுத்திருந்தோம், பேரம் பேசவில்லை. அது அவர் உழைப்புக்கு நேர்மையான கூலியே. ஆயின் ஒரு பகலுக்கு அவர் பெற்ற தொகையையே மூன்று இரவுக்கும், சர்க்கரைக்கும் கம்பிக்கும் சேர்த்து மதினியார்க்கு யாம் விதித்திருந்தோம். எஞ்சிய அந்த ரூ. 360உம் அவர் கைக்குச் சென்றதன்று. வீட்டுச் செலவுப் பெட்டியிற் சேர்ந்துவிட்டது.

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது என்று யாம் பல நாள் எண்ணிப் பார்த்தோம். பூவின் பொருள் மலிவாயிருத்தலின் பூவும் மலிவென்று வாங்குவோர் கருதுகின்றனர். வீட்டிலிருந்து செய்யும் வேலை, அதிலும் பெண்டிர் செய்யும் வேலை, பொழுதுபோக்கென்றே விற்போரும் கருதிவிடுகிறோம். அன்றியும், விரும்பிச் செய்யும் தொழிலுக்குக் கூலி கேட்பது அவ்விருப்பத்தையே விற்பது போலும் என்றொரு கூச்சம் நம்மிடத்துண்டு. யாம் ரூ. 900க்கு இசைந்தபோது அதனை எமது தாராளம் என்று எண்ணி மகிழ்ந்தோம். உண்மையில் யாம் வழங்கியது எம்முடையதன்று. மதினியாரின் உறக்கத்தை எடுத்து எம் நண்பருக்கு அன்பளிப்பாக ஈந்தோம்.

ஈண்டு ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. ஆங்கில அறிஞர் ரஸ்கின் என்பார், விஸ்லர் என்னும் அமெரிக்க ஓவியரின் சித்திரமொன்றை 1877ஆம் ஆண்டில் இகழ்ந்தெழுத, ஓவியர் வழக்குத் தொடுத்தார். 1878ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் விசாரணை நடந்தது. இரண்டு நாள் வேலைக்கோ 200 கினி கேட்கிறீர் என்று எதிர்க்கட்சி வழக்கறிஞர் வினவ, அன்று, வாழ்நாளெல்லாம் தேடிய அறிவுக்கே கேட்கிறேன் என்னும் கருத்துப்பட ஓவியர் விடையிறுத்தார். அவ்விடையை உலகம் இன்றும் மெச்சுகிறது. ஆயின் முடிவு யாது? தீர்ப்பு ஓவியர் பக்கமே அமைந்தது. நட்டஈடோ ஒரு ஃபார்திங், அஃதாவது கால் பென்னி. மறுவருஷம் அவர் கடன் தீர்க்கவியலாத நிலையை எய்தினார். ஒரு கலையைச் சொல்லால் மதிப்பது வேறு, காசால் மதிப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் யாம் பூவுக்கு விலை கூறும் முறையை மாற்றினோம். மணிக்கு ரூ. 120 என்று மதினியாரின் கூலியை வரையறுத்தோம். கொத்தனாரின் கூலி மணிக்கு ரூ. 112 சொச்சம், தாமே செலவிட்டுப் பயின்ற இரண்டாண்டுக்காகச் சிறிது மிகுதி. அதனோடு பொருட்செலவைக் கூட்டி, மின்சாரம், கருவித் தேய்மானம், உணவுப் பாதுகாப்புப் பதிவுக் கட்டணம் முதலியவற்றுக்கென அத்தொகையிற் பத்திலொரு பங்கு சேர்த்தோம். உடைபவற்றின் நேரத்தையும் நல்ல பூக்களின்மேல் ஏற்றியே கணக்கிட்டோம். இம்முறைப்படி நண்பர் வீட்டுப் பூக்களுக்கு ரூ. 2,970 ஆகும், பெரிய ரோஜா ஒன்றுக்கு ஏறக்குறைய ரூ. 155. இவ்விலையைக் கேக்கின் விலையோடு கலவாமல், சீட்டில் தனி வரியாக எழுதலானோம்.

இதனை முதலில் மறுத்தவர் மதினியாரே. “தம்பி, வீட்டிலிருந்து செய்கிறதற்கு எதற்குக் கூலி? இந்த விலை சொன்னால் வருகிறவர்களும் வராமல் போவார்கள்” என்றார். அவர் அஞ்சியபடியே, புதிய சீட்டைக் கண்ட முதல் குடும்பத்தார், பூவுக்கா மூவாயிரம் என்று கூறி எழுந்து போயினர். அன்று முழுதும் மதினியார் தாமே குற்றம் செய்தவர்போல் வாடியிருந்தார். எமக்கும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடலாமென்னும் எண்ணம் வந்தது. அடுத்த வாரம் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். சீட்டை நெடுநேரம் படித்து, பூவுக்கெனத் தம்மால் ரூ. 800 வரையிற் கூடுமென்றும், அதற்கு எத்தனை ரோஜா கிடைக்குமென்றும் வினவினார். ஐந்து, ரூ. 775 என்றோம். “ஐந்தே போதும், மேலடுக்கில் மட்டும் வையுங்கள்” என்றார். விலையை மறையாது கூறினால், வாங்குவோரும் தம் பைக்கேற்ப அளவைக் குறைப்பரேயன்றி உழைப்பைக் குறைக்க வேண்டுவதில்லை என்பது அன்று எமக்குப் புலனாயிற்று.

அதனினும் குறைந்த செலவில் அழகு வேண்டுவார்க்கு வேறு வழிகளும் உண்டு. அவற்றையும் ஒளியாது கூறுகிறோம். பட்டர் கிரீமைக் குழாயிலிட்டுப் பிழியும் ரோஜாவுக்குத் தேர்ந்த கைக்கு மூன்று நிமிஷம் போதும். கடையிற் கிடைக்கும் ஆயத்தப் பூக்களும் உள. அவற்றை வைத்தால் கடைப் பூ என்றே சொல்லி வைக்கிறோம். புதுப் பூ வேண்டுமென்பார்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: சந்தை ரோஜாவில் பூச்சிமருந்து இருத்தல் கூடும், அரளியோ நஞ்சு. அவை உணவின்மேற் படலாகாது. சர்க்கரைப் பூவின் கம்பியைக்கூட நேரே கேக்கிற் குத்தாமல், சிறு குழலுக்குள் வைத்தே செருகுகிறோம்.

இப்பொழுது பூக்கூலி மதினியார் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற் சேர்கிறது. தம் மகளின் இறுதியாண்டுக் கட்டணத்தை அவர் அதிலிருந்தே செலுத்தினார். வரும் வேலை சிறிது குறைந்திருப்பது மெய்யே. அவர் இரவில் உறங்குகிறார் என்பதும் மெய்யே.

2025ஆம் ஆண்டிலே அந்நண்பர், தம் பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்குக் கேக்கு வேண்டி மறுபடியும் வந்தார். விவாகக் கேக்கிலிருந்த ரோஜா ஒன்று இன்னும் தம் வீட்டுக் கண்ணாடிப் பேழையில் வாடாமலிருப்பதாகப் பெருமையோடு கூறினார். யாம் சீட்டை நீட்டினோம். பூவின் வரியில் அவர் கண் நின்றது. சற்று நேரம் மௌனமாயிருந்து, பின்னர், “அன்றைக்கு 12 பூ வாங்கினேனே; நீ ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று வினவினார். அக்குரலிற் கோபமில்லை, வருத்தமே இருந்தது. பிழை அவருடையதன்று, யாம் வாய் திறவாமையே என்பதை அவ்வினா உணர்த்திற்று. அதற்கு எம்மிடத்து விடையில்லை.

அவர் இரண்டு ரோஜாக்களுக்கு ரூ. 310 கொடுத்துச் சென்றார். ஞானஸ்நானத்தன்று காலை, கேக்கைப் பெட்டியில் வைக்கும்போது, இரண்டு ரோஜாக்களின் அருகே சிறு மொக்கொன்று இருக்கக் கண்டோம். சீட்டைப் பார்த்தோம். கடைசி வரியில் மதினியார் தம் கையெழுத்தில், “மொக்கு 1: குழந்தைக்கு அன்பளிப்பு” என்று எழுதியிருந்தார். இம்முறை ஈந்தவர் அவர்.