ஓடும் வண்டியில் ஒரு குரல்

இசை கேட்பதற்கு அமைதி வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் இந்நாளில் நம் நகரத்தார் பலருக்கு இசை கேட்க வாய்க்கும் பொழுது மோட்டார் வண்டியில் செல்லும் பொழுதேயாம். தேனாம்பேட்டைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக நிற்கும் வண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு பாட்டரங்கமாகவே விளங்குகின்றது. அத்தகைய அரங்கொன்றில் யாம் பட்ட பாட்டை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எம் தந்தையார் திருச்சபைப் பாடகர் குழுவில் பேஸ் எனப்படும் கீழ்க்குரல் பாடியவர். 1998-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் ஆராதனையில், வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கீர்த்தனை ஒன்றை அக்குழுவினர் நான்கு குரலில் அமைத்துப் பாடியது கேசட்டில் பதிவாகியிருந்தது. தந்தையார் 2017-இல் இறைவனடி சேர்ந்தார். ஈராண்டு கழித்து, பதின்மூன்று வயதில், யாம் அதனைக் கணினியில் ஏற்றினோம். கைப்பேசியில் இடம் மிச்சமாகும் எனக் கருதி, நொடிக்கு 64 கிலோபிட் என்னும் மிகச் சிறிய அளவில் எம்பி3 கோப்பாக்கினோம். அடுத்த மழைக்காலத்தில் கேசட்டின் நாடாவில் பூஞ்சை படர்ந்து, அது ஒன்றுக்கும் உதவாது போயிற்று.

சென்ற அட்வெந்து காலத்து ஞாயிறன்று, அத்தான் வண்டியோட்ட, அன்னையார் முன்னே அமர்ந்திருக்க, அண்ணா சாலையில் சென்றுகொண்டிருந்தோம். கைப்பேசியினின்று புளூடூத் வழியாக அப்பாட்டை ஒலிக்கச் செய்தோம். சிறிது நேரம் செவிசாய்த்த அன்னையார், “எல்லார் குரலும் கேட்கிறது, அப்பா குரலைக் காணோமே?” என்றார். அத்தான் ஒலியைக் கூட்டினார். பின்னர்க் கீழ்ச்சுரங்களை மட்டும் உயர்த்தினார். கதவுகள் அதிர்ந்தனவேயன்றிக் குரல் வந்தபாடில்லை.

நிற்க. டயர் சாலையில் உருள்வதும் எஞ்சின் அதிர்வதும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலியே. ஆடவரின் கீழ்க்குரலும் அவ்வெல்லையிலேயே நிற்பது. ஒத்த எல்லையிலுள்ள இரண்டில் வலியது மெலியதை மூடிவிடும். சிலப்பதிகார அரங்கேற்று காதையில், தண்ணுமை முழக்குவோன் ஏனைக் கருவிகளின் ஓசையை மிஞ்சாதவாறு ஆக்கவும் அடக்கவும் வல்லவனாதல் வேண்டும் என்று அடிகள் கூறுகின்றார். டயருக்கு அவ்விலக்கணம் யார் சொல்வார்?

இம்மூடுதலையே கருவியாகக் கொண்டதுதான் எம்பி3. குறுந்தகடு நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்து, இரு தடத்திற்குமாக 14,11,200 பிட்டுகள் செலவிடுகின்றது. எம் கோப்பிலோ அதில் ஏறக்குறைய இருபத்திரண்டில் ஒரு பங்கே உண்டு. வலிய ஒலியால் மூடப்பட்டுச் செவிக்கு எட்டாது எனக் கணித்தவற்றை நீக்கியே அளவு குறைக்கப்படுகின்றது. அளவு மிகக் குறையின், கேட்கும் ஒலியும் நீங்கும். இம்முறையை ஜெர்மனியில் வகுத்தோருள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா பக்கவாத்தியமின்றிப் பாடிய பாட்டொன்று தொடக்கத்தில் சிதைந்து ஒலிக்கக் கண்டு, அதனையே தம் முறைக்கு உரைகல்லாக்கினார். தனிக்குரலை ஏமாற்றுதல் அத்துணை அரிது போலும்! புளூடூத்தோ, விரித்த ஒலியை மீண்டும் ஒருமுறை சுருக்கியே அனுப்புகின்றது. சாலை மூடிய குரல் வண்டி நின்றால் வெளிப்படும். யாம் நீக்கியது எங்கே நின்றாலும் வாராது. இதனை அன்னையாரிடம் அதுகாறும் யாம் சொல்லவில்லை.

எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய தெருவொன்றில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். எஞ்சினும் குளிர்காற்றும் ஓய்ந்தன; கண்ணாடிகளை ஏற்றினோம். புளூடூத்தை விடுத்து, அதே கோப்பை யு.எஸ்.பி. துண்டிலிருந்து நேரே ஒலிக்கச் செய்தோம். இரண்டாம் அடியில் எம் தந்தையார் வந்தார். மற்றை மூவர் குரலுக்கும் அடியில், தரை போல, அக்குரல் விரிந்து கிடந்தது. ஆனால் சகர ஒலிகள் நீருக்குள்ளிருந்து வருவன போல் குழறின. அடி தொடங்குமுன் அவர் மூச்சிழுக்கும் ஓசை, கேசட்டில் யாம் தெளிவாய்க் கேட்டது, அறவே இல்லை.

“கேசட்டில் இன்னும் நன்றாய் இருந்ததே?” என்றார் அன்னையார்.

“ஆம் அம்மா. நான்தான் இடம் மிச்சம் பிடிக்க அளவைக் குறைத்துவிட்டேன்” என்றோம்.

அவர் எம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “முதலிலிருந்து போடு” என்றார்.