தெரியுதா... தெரியுதா?

ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டியிருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "துப்பாக்கிக்குத்தானே தாத்தா லைசென்ஸ்?" என்று என் பேரன் கேட்டான். ரேடியோவுக்கும் இருந்ததடா என்றேன். தபால் ஆபீஸில்தான் கொடுப்போம். 1974-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சின்னப் புத்தகம் ஒன்று இருக்கும். வருஷத்துக்கு 15 ரூபாய். பணத்தை வாங்கிக்கொண்டு ஸ்டாம்பு ஒட்டி, முத்திரை குத்திக் கொடுப்போம். கெடு தாண்டி வந்தால் அபராதம். எண்பதுகளின் நடுவில்தான் அரசாங்கம் இதை எடுத்தது.

அந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததால் போடியில் யார் வீட்டில் என்ன ரேடியோ, எந்த எஸ்டேட் கங்காணி புது டிரான்சிஸ்டர் வாங்கினார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஏலத்தோட்டத்து ஆட்கள் மலையிலிருந்து சாமான் வாங்க இறங்கி வந்தால், அரிசி பருப்போடு இரண்டு எவரெடி கட்டையும் பையில் ஏறும். கட்டை தீர்ந்தால் தூக்கிப் போட மாட்டார்கள். வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். மலையில் மழை மாதங்களில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புத் திண்டில் வைத்துச் சூடேற்றுவார்கள்.

மலையில் எல்லோரும் கேட்டது இலங்கை வானொலி. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரலெல்லாம் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து பேசுகிற மாதிரி இருக்கும். கடல் தாண்டி இருக்கிற ஊர் எப்படி இந்தப் பள்ளத்தில் வந்து விழுகிறது என்று அப்போது யோசித்ததில்லை. பிறகு தெரிந்துகொண்டேன். சிற்றலை மேலே கிளம்பி, வானத்தில் வெகு உயரத்தில் இருக்கும் மின்னேறிய காற்றடுக்கில் பட்டு, திரும்பக் கீழே இறங்குகிறது. மேலிருந்து இறங்குவதால் மலைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கிற தோட்டத்து லயத்துக்கும் அது வந்து சேர்ந்தது.

டிவி வந்தபோதுதான் மலை குறுக்கே நின்றது.

சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-ல் தூர்தர்ஷன் தொடங்கியது. எங்களுக்கு அது பேப்பரில் படித்த செய்தி, அவ்வளவுதான். 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அந்த நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலையில் கோபுரம் வைத்திருந்தார்கள். தென் மாவட்டங்களில் வசதியுள்ளவர்கள் நீளமான இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் பூஸ்டர் வைத்து அதைப் பிடித்தார்கள். எங்கள் ஊரிலும் ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர் ஒருவர் வீட்டில் அந்த முயற்சி நடந்தது. கோடை இரவுகளில் சில நாள் முகம் தெரியும், சில நாள் நிழல் தெரியும், பல நாள் வெறும் பனி கொட்டும். அந்தப் பனியைப் பார்க்கவும் நாங்கள் பத்துப் பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

எண்பதுகள் முடிவதற்குள் கொடைக்கானல் கோபுரம் எங்களுக்கு எடுக்க ஆரம்பித்தது. அதன் பிறகு ஊரே மாறிப்போனது. டயனோரா, சாலிடேர் என்று மரப்பெட்டி டிவிகள் மதுரையிலிருந்து பஸ் கூரை ஏறி வந்தன. ஒவ்வொரு மொட்டை மாடியிலும் மீன் முள் போல ஆன்டெனா முளைத்தது. எல்லா முள்ளும் கொடைக்கானலைப் பார்த்து வடகிழக்காக நிற்கும். புது ஊர்க்காரனுக்கு அதுவே திசைகாட்டி.

ஞாயிற்றுக்கிழமை ராமாயணம் நேரத்துக்கு முன்னால் தெருவில் இந்தக் குரல் கேட்கும். மாடியில் குழாயைத் திருகுகிறவர் "தெரியுதா?" என்பார். ஜன்னலில் நிற்கிறவர் அதை உள்ளே சொல்வார். உள்ளே இருப்பவர் "வந்துருச்சு, நிப்பாட்டு" என்று சொல்லி, அது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் படம் போயிருக்கும். முந்தின இரவுக் காற்றோ குரங்கோ திருப்பிவிட்டதைச் சரிசெய்ய மூன்று பேர் வேண்டும். ஆனால் சரியானபின் டிவியைப் போட யாரும் வேண்டாம். ஒரு குமிழைத் திருகினால் படம், இன்னொன்றைத் திருகினால் சத்தம். எண்பது வயசுப் பாட்டியும் போடுவாள், நாலு வயசுப் பிள்ளையும் போடும்.

மலைக்குள் இருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. டிவி அலை சிற்றலை மாதிரி வானத்துக்குப் போய்த் திரும்பாது. வெளிச்சம் போல நேராகப் போகும். நடுவே மலை நின்றால் அதற்குப் பின்னால் நிழல்தான். கோபுரம் காக்கை பறக்கும் தூரத்தில் பக்கத்திலேயே இருந்தும், மலைமடிப்பில் இருந்த வீடுகளில் கூரை மேல் எவ்வளவு உயரக் குழாய் நட்டாலும் ஒன்றும் வராது. சூரியநெல்லி, பூப்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்த் தங்கியவர்கள் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்ப்பதற்காகவே போடியில் இருக்கிற உறவுக்காரர் வீட்டுக்கு ஜீப் ஏறி வந்திருக்கிறார்கள்.

இந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது டிஷ். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. போடி அந்த ரேகைக்குப் பக்கத்தில், பத்து டிகிரி வடக்கே இருப்பதால், நமக்கு அது கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே தெரியும். கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். சுற்றிலும் மலை நின்றாலும் மேலே வானம் திறந்திருந்தால் போதும். பக்கத்தில் இருந்த கொடைக்கானல் எட்டாத வீட்டுக்கு 36,000 கிலோமீட்டர் எட்டியது. கோபுரத்துக்கும் காலம் முடிந்தது. 2022 வாக்கில் தூர்தர்ஷன் நாடெங்கும் பழைய அனலாக் கோபுரங்களை நிறுத்திவிட்டது, எல்லைப்புறம் போன்ற சில இடங்களைத் தவிர. மாடியில் துருப்பிடித்த குழாய்களில் இப்போது துணிக்கொடி கட்டியிருக்கிறோம்.

ஆக, படம் வருவது சுலபமாகிவிட்டது. டிவியைப் போடுவதுதான் கஷ்டமாகிவிட்டது.

என் சின்னம்மாவுக்கு வயது 79. சித்தப்பா காலமானபின் போடியில் தனியாக இருக்கிறார். மகன் கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான், பாசமான பிள்ளை. அரசாங்கம் 2006-ல் ஆரம்பித்த இலவசக் கலர் டிவித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலப் பெட்டியில்தான் சின்னம்மா இத்தனை வருஷம் பார்த்துவந்தார். சென்ற ஆண்டு மகன் 43 அங்குல டிவி வாங்கி அனுப்பினான். ஆட்கள் வந்து இருபது நிமிஷத்தில் சுவரில் மாட்டி, கையில் இரண்டு ரிமோட்டைக் கொடுத்து, "அவ்வளவுதான் பாட்டி" என்று போய்விட்டார்கள். பழைய பெட்டி பரணுக்குப் போனது.

ஒரு நாள் சாயங்காலம் போயிருந்தேன். சீரியல் நேரம். டிவி அணைந்திருந்தது. சமையலறையில் ரேடியோவில் கொடைக்கானல் பண்பலை பாடிக்கொண்டிருந்தது.

"என்ன சின்னம்மா, டிவி போடலையா?"

"கண்ணு வலிக்குதுப்பா. அவ்வளவு பெருசா எதுக்கு?"

காபி குடித்து முடித்தபின்தான் விஷயம் வந்தது. ஏதோ பொத்தான் பட்டிருக்கிறது. நீலத் திரையில் 'நோ சிக்னல்' என்று வந்திருக்கிறது. பதினோரு நாளாக அப்படியே.

"தம்பிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"வேணாம்ப்பா. டிவி போடத் தெரியல, கேஸ் அடைக்கத் தெரியலன்னு ஒவ்வொண்ணா சொன்னா, அம்மாவுக்கு வயசாயிருச்சுன்னு வந்து கூட்டிட்டுப் போயிருவான். அங்க நாலாவது மாடி. நான் இந்த வீட்டைவிட்டுப் போகமாட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு பொத்தானுக்குப் பின்னால் இவ்வளவு பயம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

கோளாறு ஒன்றுமில்லை. டிவிக்குள் பல வாசல்கள் இருக்கின்றன. செட் டாப் பாக்ஸ் ஒரு வாசலில் நிற்கிறது. ரிமோட்டில் 'சோர்ஸ்' என்ற பொத்தான் பட்டால் டிவி வேறு வாசலில் போய் எட்டிப்பார்த்துவிட்டு, அங்கே யாரும் இல்லை என்கிறது. அதுதான் நோ சிக்னல். அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தி 'எச்டிஎம்ஐ 1' என்ற இடத்துக்கு வந்தால் படம் வந்துவிடும். சில வீடுகளில் அது 2 ஆகவோ 'ஏவி' ஆகவோ இருக்கும். வயர் எங்கே சொருகியிருக்கிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சின்னம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை வாங்கினேன். இரண்டு ரிமோட்டிலும் போட்டு அணைக்கிற பொத்தான் பக்கத்தில் பச்சைப் பொட்டு. டிவி ரிமோட்டில் சோர்ஸ் பக்கத்தில் சிவப்புப் பொட்டு. சேனலும் சத்தமும் பாக்ஸ் ரிமோட்டில் மட்டும். பிறகு, "இப்ப நீங்களே கெடுங்க, நீங்களே சரிபண்ணுங்க" என்றேன். முதலில் தயங்கினார். சிவப்பை அழுத்தி நீலத் திரையை வரவழைத்தார். மறுபடி அழுத்திப் படத்தைக் கொண்டுவந்தார். மூன்று தடவை செய்தார். நாலாவது தடவை நான் சொல்லாமலே செய்துவிட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு இன்னும் ஏழெட்டு வீடுகளில் இதைச் செய்திருக்கிறேன். எல்லா இடத்திலும் சொல்வது இதுதான். பலத்த மழையில் டிஷ்ஷில் படம் நிற்பது சகஜம், மழைத்துளி அந்த அலையைத் தின்றுவிடும். தட்டைத் திருப்பாதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள். இடி இடித்தால் ரிமோட்டில் அணைத்தால் போதாது, பிளக்கையும் வயரையும் முன்கூட்டியே கழற்றுங்கள். மலைப்பக்கம் வீடுள்ளவர்கள் சாரல் மாதங்களில் தினமும் சிறிது நேரம் டிவியைப் போட்டு வையுங்கள், அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. ரிமோட்டை ரொம்ப நாள் தொடாவிட்டால் கட்டையை எடுத்துவிடுங்கள், கசிந்து கெடுத்துவிடும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. புது டிவி அனுப்புங்கள், சந்தோஷம். பழையதை ஒரு மாசத்துக்குப் பரணில் ஏற்றாதீர்கள். வரும்போது அம்மா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ரிமோட் அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாங்கி அழுத்திக் காட்டினால் அவர் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: தனக்கு இது வராது என்பது.